பன்னீருக்கு முன்னால் புண்ணாக்கைப் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, கூடாதது ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நம்ம கூட்டமைப்பு பன்னீர் போடும் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. கலப்படப் பால் எத்தனை தெரியுமா? வெறும் 12. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. நம்ம தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரியில் 88. எண்ணிக்கையில் நாம்தான் முதல் இடம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. மாடு தின்ற தீவனத்திலிருந்து வந்தது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இதெல்லாம் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அதில் ஒரு வகைப் பூசணம் அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடிப் போனபோது பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. இந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டது அப்போதுதான்.

மாடு தின்றதும் அதன் ஈரல் இந்த பி1ஐ எம்1 ஆக மாற்றுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதிகமாகக் கறக்கும் மாட்டில் ஆறு பங்கு வரை, ஒரே நாளில் மடிக்கு வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. முக்கியமாக ஈரலைத் தாக்கும். நம்ம வீட்டில் பாலை அதிகம் குடிப்பது யாரு? பச்சைப் பிள்ளைகள்தானே.

“நாங்கதான் பாலை நல்லாக் காய்ச்சுறோமே” என்று இங்கே ஒரு அக்கா கேட்டாங்க. காய்ச்சினால் கிருமி சாகும். இது கிருமி இல்லைக்கா, ரசாயனம். கொதிக்கவைத்தாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது. மணம், ருசி, நிறம் எதிலும் தெரியாது. சொசைட்டியில் போடும் லாக்டோமீட்டரும் இதைக் காட்டாது.

நம்ம நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவு ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம். அதாவது 20 லட்சம் லிட்டர் பாலில் ஒரே ஒரு கிராம். ஐரோப்பாவில் அதிலும் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. இவ்வளவு நுணுக்கமான அளவைச் சோதனைக் கூடத்தில் ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். புற ஊதா வெளிச்சத்தில் அந்த நஞ்சு நீலமாக மின்னும்.

இப்போ பன்னீருக்கு வர்றேன். எம்1 நஞ்சு பாலிலுள்ள கேசின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. பன்னீரும் சீஸும் கேசின் திரண்ட கட்டிதான். ஐந்தாறு லிட்டர் பசும்பால் திரிந்து ஒரு கிலோ பன்னீர் ஆகிறது. நஞ்சில் ஒரு பகுதி தெளிந்த தண்ணியோடு போனாலும் மீதி கட்டியில் தங்கிவிடும். மென்மையான சீஸில் பாலில் இருந்ததைப்போல சுமார் மூன்று மடங்கு, கெட்டியான சீஸில் ஐந்து மடங்கு வரை அது செறிந்து நிற்கும். நாற்பது வீட்டுப் பாலை ஒன்றாக ஊற்றிப் பன்னீர் போட்டால், நாலு வீட்டுப் புண்ணாக்கின் குறை மற்ற எல்லோருடைய உழைப்பின் மேலும் விழும். திரும்பி வந்த சரக்குக்கு வங்கிக் கடன் தவணை நிற்காது.

பயமுறுத்த வரலை. இதில் நல்ல செய்தியும் இருக்கு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பாலில் நஞ்சு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். மாட்டை விற்க வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தீவன மூட்டையைத் தரையில் போடாதீங்க, பலகை மேல் அடுக்குங்க, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்க. மழைக்கு ஒழுகும் கொட்டகையில் வைக்காதீங்க. முதலில் வாங்கியதை முதலில் தீருங்க. பூசணம் பிடித்ததை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீங்க. வெயிலில் பூசணம் வாடும், அது சுரந்துவிட்ட நஞ்சு அப்படியே இருக்கும். கடலை உரிக்கும்போது பொறுக்கிப் போட்ட சொத்தையை, “மாட்டுக்குத்தானே” என்று தொட்டியில் கொட்டாதீங்க. நாம் வாயில் வைக்க மாட்டோம் என்று ஒதுக்கியது, ஒரே நாளில் பிள்ளை தம்ளருக்கு வந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய புண்ணாக்கை ஏன் வாங்குறோம்? கையில் காசு இல்லாததால்தான். அது எனக்கும் தெரியும். தனித்தனியாகப் போனால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கித்தான் ஆகணும். கூட்டமைப்பாகச் சேர்ந்து லோடு இறக்கினால், “அஃப்ளடாக்சின் பரிசோதனை அறிக்கை காட்டுங்க” என்று கேட்கலாம். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். இந்த எண்ணைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க.

என்னுடைய கோரிக்கை மூன்று. பன்னீர் பாத்திரம் வாங்குவதற்கு முன் தீவனத்தைச் சேர்ந்து வாங்கத் தீர்மானம் போடுங்க. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மாதம் ஒருமுறை உறுப்பினர் வீட்டுத் தீவனத்தைப் பார்த்து வரட்டும். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, ஒழுகும் கூரையைக் கண்டுபிடிக்க. மழைக்காலம் தொடங்கியதும் கூட்டுப் பாலில் ஒரு மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்க. செலவைச் சந்தாவில் பகிர்ந்தால் ஆளுக்கு அதிகம் வராது.

மாலைக் கறவைக்கு நேரமாச்சு, சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிச்சுக்கோங்க.