எழுபது ஆண்டுகளும் ஒரு வாக்குறுதியும்



புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும், தட்டில் சுருட்டி வைத்திருக்கும் இறைவார்த்தைச் சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது நம் பங்குகள் பலவற்றில் வழக்கம். இந்த ஆண்டு ஆண்டவர் நமக்கு என்ன சொல்கிறார் என்ற ஆவலோடு அதைப் பிரிக்கிறோம். எரேமியா நூல் 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம் வந்துவிட்டால் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! ஆண்டவர் நம்மைக் குறித்து எண்ணுவது நம் அழிவை அல்ல, நம் நலனையே என்று உறுதி தரும் வசனம் அது. சீட்டை மாதா சுரூபத்தின் அடியில் பத்திரமாக வைக்கிறோம்.

மாதங்கள் ஓடுகின்றன. மகளுக்குப் பேசிய வரன் தட்டிப் போகிறது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. மருத்துவப் பரிசோதனையின் முடிவு, நாம் எதற்கு அஞ்சினோமோ அதையே சொல்கிறது. இப்போது சுரூபத்தின் அடியில் இருக்கும் சீட்டைப் பார்க்கையில், 'ஆண்டவரே, நீர் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில் தவறில்லை. திருப்பாடல்களில் பாதிக்கு மேல் படித்தால், இறைமக்களும் இப்படித்தான் அழுது கேட்டார்கள் என்பது விளங்கும். ஆனால் கேட்பதற்கு முன், அந்த ஒரு வசனத்துக்கு மேலும் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்த்திருக்கிறோமா?

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைப் பிடித்து, அரசனையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் நாடு கடத்தினான். ஊரையும் கோவிலையும் இழந்து, அந்நியர் நடுவில் வாழ்ந்த அம்மக்களுக்கு எருசலேமிலிருந்து இறைவாக்கினர் எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது.

அந்நாட்களில் வேறு குரல்களும் ஒலித்தன. அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று கோவிலில் நின்று முழங்கினான். எரேமியா அடையாளமாகத் தன் கழுத்தில் சுமந்திருந்த நுகத்தையும் பிடுங்கி உடைத்தான். மக்கள் கேட்க விரும்பியது அனனியாவின் வார்த்தையைத்தான். நாமும் அங்கே இருந்திருந்தால் அவன் பக்கமே சாய்ந்திருப்போம்! ஆனால் எரேமியாவின் கடிதம் சொன்ன கணக்கு இரண்டு ஆண்டுகள் அல்ல, எழுபது ஆண்டுகள். நாம் விரும்பும் 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில் இருக்கிறது அந்த எண். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் எருசலேமை மீண்டும் காணப்போவதில்லை என்பதே அதன் பொருள்.

அப்படியானால் இது எப்படி ஆறுதலாகும்?

அன்பர்களே, அதே கடிதத்தில் ஆண்டவர் அவர்களுக்குச் சில வேலைகளையும் கொடுக்கிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் விளைச்சலை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்கிறார். அதற்கும் மேலே ஒரு படி போய், உங்களைச் சிறைப்பிடித்த அந்த நகரின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்கிறார். துன்பம் தீர்ந்த பிறகு வாழலாம் என்று காத்திருக்க வேண்டாம், துன்பத்தின் நடுவிலேயே வாழத் தொடங்குங்கள் என்பதுதான் அவர் காட்டும் வழி. பாபிலோனிலும் நான் உங்கள் மன்றாட்டைக் கேட்பேன், முழு இதயத்தோடு தேடினால் அங்கேயும் என்னைக் காண்பீர்கள் என்கிறார். கோவிலே இல்லாத ஊரில் கடவுளைக் காண முடியும் என்பது அன்றைய மக்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி!

இந்தக் கடிதத்தை வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர், வியட்நாம் நாட்டின் வணக்கத்துக்குரிய கர்தினால் வான் துவான். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்பு விழாவன்று கைது செய்யப்பட்ட அவர், 13 ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் இருந்தார். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. விடுதலைக்காகக் காத்துக்கொண்டு நாளைக் கழிக்க மாட்டேன், இந்தக் கணத்தை அன்பால் நிரப்புவேன் என்று அவர் முடிவு செய்தார். காவலில் இருந்த தொடக்க மாதங்களில், ஒரு சிறுவனிடம் பழைய நாள்காட்டித் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் பின்புறத்தில் தம் மக்களுக்கு நம்பிக்கைச் செய்திகள் எழுதி அனுப்பினார். கையில் விவிலியம் இல்லாததால், கிடைத்த துண்டுக் காகிதங்களைச் சேர்த்து, நினைவிலிருந்து 300க்கும் மேற்பட்ட இறைவசனங்களை எழுதி வைத்துக்கொண்டார். தம்மைக் காவல் காத்தவர்களை அன்பு செய்தார். அவர்களுக்கு மொழிகள் கற்றுக்கொடுத்தார். நகரின் நலனைத் தேடுவது என்பது இதுதான்.

நாமும் இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, நமக்குப் பிடித்த வசனத்தை விவிலியத்தில் தேடி, அந்த அதிகாரம் முழுவதையும் குடும்பமாக வாசிப்போம். இரண்டாவது, அதில் இன்று நம்மால் செய்யக்கூடியது என்ன என்று கேட்போம். கடன் முழுவதும் இன்று தீராது. ஆனால் அதை மனைவியிடம், கணவரிடம் மறைக்காமல் உட்கார்ந்து கணக்குப் பார்க்க இன்றே முடியும். நோய் இன்று குணமாகாது. ஆனால் வேளைக்கு மருந்தும், நோயாளியின் அருகில் அரை மணி நேரமும் இன்றே கொடுக்க முடியும். மூன்றாவது, நமக்குப் பாபிலோனாக இருப்பவர்களுக்காக, நம்மை வருத்தும் மேலதிகாரிக்காகவும், பேச்சுவார்த்தை இல்லாத உறவினருக்காகவும் ஒரு அருள் நிறை மரியே சொல்வோம்.

அந்த வாக்குறுதி பொய்க்கவில்லை. கி.மு. 538இல் பாரசீக மன்னன் சைரசு காலத்தில் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். திரும்பியவர்களுள் பலர், பாபிலோனில் தோட்டம் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

ஆண்டவரே, உமது வார்த்தை நிறைவேறும் நாள் எது என்று எங்களுக்குத் தெரியாது. அதுவரை செய்ய வேண்டியதைச் செய்யும் மனவலிமையை எங்களுக்குத் தாரும். எங்கள் அந்நிய நிலத்திலும் உம்மைக் கண்டுகொள்ளச் செய்யும். ஆமென்.