கடிதத்துக்குச் சாட்சி நாமே
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெரியோரின் கையொப்பமிட்ட கடிதங்களைச் சேர்ப்போர் கையொப்பத்தை மட்டும் நம்புவதில்லை. அதைச் செயலாளரும் போட்டிருக்கலாம். தாள், மை, தபால் முத்திரை, கடிதம் கைமாறி வந்த வழி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை எழுதியவையும் அவற்றுள் உண்டு. பெற்றவரே பேணியதால் அவற்றின் உண்மைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1877 முதல் 1900 வரையான கடிதங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி 2018இல் நூலாகப் பதிப்பித்தார்.

நம் வீடுகளிலும் கடிதங்கள் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. பிரிந்த உறவுகளைத் தபால்தான் சேர்த்து வைத்தது. எழுதத் தெரியாத அப்பாயி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போன பேத்தி எழுதினாள். கையெழுத்து பேத்தியுடையது, பேச்சு அப்பாயியுடையது. இதை எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதிய நாம்தான் சொல்ல வேண்டும்.

2014 ஒக்டோபர் 29இல் நம் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர்களோடு லயத்துப் பெட்டிகளும் புதைந்தன. ஆகவே, சகோதரிகளே, உறையை வீசாதீர்கள், முத்திரையை வெட்டாதீர்கள். சொன்னவர் யார், எழுதியவர் யார், யாருக்குப் போனது என்று தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். நாம் இருக்கும்போதே இதைச் செய்வோம்.