"எந்தத் தெரு?" என்று கேட்காத செயலி எது?

(ஆரோவிலை ஒட்டிய கிராமம் ஒன்றில், மாணவர் வாசிப்பு வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சமூக வலைத்தளங்களும் மாணவர்களும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக, செல்போனால் படிப்புக் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது என்று சொல்லி முடிப்பார்கள். நான் அதைப் பேசப்போவதில்லை. ஒவ்வொரு செயலிக்குள்ளும் நான் எப்படிப் போனேன், அங்கே என்னை என்ன கேட்டார்கள், நான் என்ன பொய் சொன்னேன், என்ன தப்புச் செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மரக்காணம் பக்கம். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். 2016 கடைசியில் ஜியோ வந்தபோது எங்கள் தெருவுக்கும் இணையம் வந்தது. அண்ணன் வாங்கிய போனில்தான் நான் ஃபேஸ்புக்கைப் பார்த்தேன். கணக்குத் தொடங்கும்போது அது கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சிக்கலாக இருந்தது. பெயர் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று இன்னொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரோடு போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவது கொஞ்சம் கொஞ்சமாக வெட்கப்பட வேண்டிய விஷயமானது. அப்படிக் காலியான இடத்தை இந்தக் கட்டம் மறுபடி காட்டியது. நான் அப்பா பெயரை முழுதாக எழுதினேன். என் வகுப்புப் பையன்கள் சிலர், அவர்கள் தாத்தாவே போடாத சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் இல்லாத பட்டம் ஃபேஸ்புக்கில் இருந்தது.

அடுத்தது வாட்ஸ்அப். எங்கள் வகுப்புக்கு ஒரு குரூப் இருந்தது. அதில் வீட்டுப்பாடம், தேர்வுத் தேதி எல்லாம் வரும். கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதே வகுப்புக்கு இன்னொரு குரூப்பும் இருக்கிறது, அதில் காலனிப் பிள்ளைகள் யாரும் இல்லை என்று. எங்களை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்குள் இதைச் செய்ய ஒரு சுவர் கட்ட வேண்டும், அல்லது தனிக் குவளை வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் போதும், செலவும் கிடையாது.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த வீடியோக்கள் வந்தபடியே இருந்தன. எனக்கு அப்போது பதினைந்து வயது. ரத்தம் கொதித்தது. அன்று இரவு, எரிந்துபோன ஒரு குடிசையின் படம் வந்தது. "இன்று எரித்தது, பகிருங்கள்" என்று போட்டிருந்தது. ஒரு தடவையில் ஐந்து பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்திருந்தது. நான் ஐந்து குரூப்புகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். ஐந்து என்றால் குறைவு என்று நினைக்காதீர்கள். ஐந்து குரூப்பில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

படத்தை அத்தையிடமும் காட்டினேன். அத்தை போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"டேய், இது எங்க எரிஞ்சதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"பொன்பரப்பி அத்தை. இன்னிக்கு."

"இது நம்ம ஊருடா. வாசல்ல கெடக்குற தையல் மெஷினப் பாரு. அது எங்க பெரியம்மா பொண்ணோடது. பதிமூணுல எரிஞ்சது."

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் போன நாள். மரக்காணத்தில் கலவரம் நடந்தது. கட்டையன் தெருவில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. புகை நினைவிருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த வீட்டின் சாம்பலையே நான் அடையாளம் தெரியாமல் இன்னொரு ஊர்ச் சாம்பல் என்று அனுப்பியிருக்கிறேன்.

நம் மக்களுக்கு நடந்த கொடுமைதானே, எந்த ஊர் என்றால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அத்தை அதை ஏற்கவில்லை. "நாளைக்கு அவனுங்க இது பொய்யின்னு காட்டுவானுங்க. அப்புறம் பொன்பரப்பியில நிஜமா ஒடைச்சதையும் பொய்யின்னுவானுங்க" என்றார். ஐந்து குரூப்பிலும் "அது பழைய படம், தெரியாமல் அனுப்பிவிட்டேன்" என்று எழுதினேன். அதற்குள் அது பல கை மாறிப் போயிருந்தது. என் போனில் அழித்தால் மற்றவர்கள் அனுப்பியது அழியாது. பக்கத்து ஊர்ப் பையன்கள் வண்டியோடு கூட்டு ரோட்டில் கூடிவிட்டார்கள். அன்று எதுவும் நடக்கவில்லை என்றால் அது என் புத்தியால் அல்ல. போலீஸ் வண்டி நின்றதால்தான்.

அதே வாரம் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் பரவி, கலவரமாகி, 144 தடை போட வேண்டி வந்தது. அதற்கு முன்பே, 2015இல் கோகுல்ராஜைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். கொலை வழக்கில் தேடப்படுகிறவரின் குரலைப் பையன்கள் கதாநாயகன் வசனம் மாதிரிக் கேட்டார்கள். 2022 மார்ச்சில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வர ஏழு வருடம் ஆனது. அந்தக் குரல் ஊர் ஊராகப் போக ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டிக்டாக்கைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உப்பளத்தில் வேலை முடிந்து, கால் கழுவிக்கொண்டு, அம்மாவோடு வேலை செய்யும் அக்காக்கள் பாத்தி வரப்பில் நின்று ஆடுவார்கள். அவர்களை அதற்கு முன் எந்தக் கேமராவும் உழைப்பாளியாகவோ பரிதாபமாகவோ அல்லாமல், சந்தோஷமாகக் காட்டியதில்லை. அதே டிக்டாக்கில்தான் அரிவாளோடு "ஆண்ட பரம்பரை" வீடியோக்களும் வந்தன. நம் பெண்களைக் கேவலமாகப் பேசிய வீடியோக்களுக்காகக் கைதானவர்களும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று மற்ற 58 செயலிகளோடு சேர்த்து அதைத் தடை செய்தார்கள். அக்காக்களின் ஆட்டம் அதோடு நின்றது. அரிவாள் வீடியோக்கள் நிற்கவில்லை, இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குக் குடிபோயின.

2021 ஊரடங்கில் எல்லோரும் கிளப்ஹவுசுக்குப் போனோம். அங்கே முகம் தேவையில்லை, குரல் போதும் என்றார்கள். நல்லது என்று நினைத்தேன். ஒரு அறையில் நான் இரண்டு வாக்கியம் பேசியதும் ஒருவர் கேட்டார்: "தம்பி பேசுறத வெச்சுப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இருக்கு. எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?"

கல்லூரிக்கு வந்த பிறகு இன்ஸ்டாகிராம். இந்தப் பகுதியைப் பற்றி உங்கள் முன்னாலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வார விடுமுறைகளில் ஆரோவில் பக்கம் வேலைக்கு வருவேன். செம்மண் ரோட்டில் நின்று ஒரு படம் எடுத்து, இடம் "ஆரோவில்" என்று போட்டேன். அதுவரை இல்லாத அளவுக்கு லைக் வந்தது. யாராவது "எந்த ஊர்" என்று கேட்டால் "ஆரோவில் பக்கம்" என்பேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை! மரக்காணம் என்றால் "மரக்காணத்துல எங்க?" என்று தொடரும். ஆரோவில் என்றால் கேள்வி அங்கேயே நிற்கும். 1968இல் 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டுத் தொடங்கிய ஊர் அல்லவா, அங்கே எந்தத் தெரு என்று எப்படிக் கேட்பார்கள்? அந்த நகரத்தில் தினமும் வேலைக்குப் போகிற குயிலாப்பாளையத்துக்காரரையும் இடையஞ்சாவடிக்காரரையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஊரில் தெரு உண்டா இல்லையா என்று சொல்வார்கள்.

இரண்டு வருடம் அந்தப் பொய்யில் வாழ்ந்தேன். ஒருநாள் அம்மாவின் படத்தைப் போட ஆசைப்பட்டேன். உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கும் படம். அதற்கு எந்த இடத்தைப் போடுவது? ஆரோவிலில் உப்பளம் இல்லையே. அம்மாவை மறைத்தால்தான் என் ஊரை மறைக்க முடியும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். மரக்காணம் என்று போட்டேன், தெருப் பெயரையும் எழுதினேன். சிலர் விலகினார்கள். ஒருவர் எழுதக் கூசும் சொல்லை எழுதினார்.

இந்தத் தடவை நான் ஆத்திரத்தில் பதில் எழுதவில்லை. முகவரி, தேதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பொதுமக்கள் பார்வையில் படும்படி சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். எழுத்தாலோ பேச்சாலோ படத்தாலோ நம் மக்கள் மீது பகையை வளர்ப்பதும் குற்றம். இணையத்தில் போட்டது பொதுமக்கள் பார்வையில் வருமா என்ற கேள்விக்கு, வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. புகாரை எடுக்க மறுத்தால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் இருக்கிறது. மெட்டா நிறுவனத்தின் வெறுப்புப் பேச்சு விதியிலும் சாதி என்ற சொல் இருக்கிறது. ஆனால் நம் ஊர் வசவுகளும் குறிப்புச் சொற்களும் அந்த இயந்திரத்துக்குப் புரிவதில்லை. ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் கையில் கட்டாத கயிற்றைப் பையன்கள் ஸ்டேட்டஸில் கட்டுகிறார்கள். அதை ஆசிரியர் பார்க்க முடியாது. கூடப் படிக்கிற நாம்தான் பார்க்கிறோம், பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

அப்படியானால் இவற்றை விட்டு வெளியேறலாமா? கூடாது என்பேன். 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதம் ஃபேஸ்புக் வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தலித் வரலாற்று மாதம் என்று ஒன்று 2015இலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் நடக்கிறது என்பதை நான் ட்விட்டரில்தான் தெரிந்துகொண்டேன். என் பாடப் புத்தகம் அதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அங்கே ஆயிரம் குரூப் இருக்கும்போது, நாம் வெளியேறினால் அது இன்னொரு ஊர் விலக்கம்தான். இந்தத் தடவை நம்மை நாமே விலக்கிக்கொண்டதாக ஆகும்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒரு படம் வந்தால், அது எந்த ஊர், எந்த நாள் என்று தெரியும்வரை அனுப்பாதீர்கள். நம் பக்கத்துப் படம் என்றால் இன்னும் கூடுதலாக விசாரியுங்கள். நடந்தது உண்மை என்பதுதான் நம்மிடம் இருக்கிற பலம். இரண்டாவது, "எந்தத் தெரு?" என்று யாராவது கேட்டால், பயமில்லாமல் சொல்ல முடிகிறவர்கள் சொல்லுங்கள். சொல்ல முடியாத நிலையில் இருக்கிற தம்பி தங்கைகளைக் குறை சொல்லாதீர்கள். நானே இரண்டு வருடம் சொல்லவில்லை.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கீழே இப்போது சரியாக எழுதி வைத்திருக்கிறேன்: மரக்காணம், 2013 ஏப்ரல் 25.