எண்ணும் எழுத்தும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இறந்தவரைப் பாடுவது தமிழில் தொன்மையான மரபு. புறத்திணையில் கையறுநிலை என ஒரு துறையே அதற்கென வகுக்கப்பட்டது. பாட்டோடு நில்லாமல் கல்லிலும் பெயர் பொறித்தனர் தமிழர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் மாண்ட ஒருவனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர் அழியவில்லை.

பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் அவையில் சாவைப் பற்றிய பேச்சா எனச் சிலர் எண்ணக்கூடும். பத்தாண்டு நடந்த எந்த இலக்கிய வட்டத்திலும் சில நாற்காலிகள் வெறுமையாகியிருக்கும். அந்நாற்காலிகளுக்கு உரியோர் விட்டுச்சென்ற எழுத்து எங்கே இருக்கிறது என்பதே இவ்வுரையின் வினா. பெரும்பாலும் அது ஒரு கைபேசிக்குள் இருக்கிறது. அந்தக் கைபேசியின் கதவோ பத்து இலக்க எண் ஒன்றில் தொங்குகிறது.

இந்தியாவில் முதற் கைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, புதுதில்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த அக்கருவி பின்னர்த் தொழிலாளரின் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது. முதன்முதலாக அதனை வாங்கிய தலைமுறை இன்று முதுமையடைந்து ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறது. மறைந்தவரின் வேட்டியை யாருக்குக் கொடுப்பது, கட்டிலை என்ன செய்வது என்பதற்கெல்லாம் ஊர்வழக்கு உண்டு. எண்ணை என்ன செய்வது என்பதற்கு வழக்கம் எதுவும் இன்னும் உருவாகவில்லை.

வடக்குத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர், கவிதை எழுதுபவர். தாளில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார். நடைப்பயிற்சியில் தோன்றும் அடிகளைக் கைபேசியில் தட்டி வைப்பார். கண்ணாடி கையில் இல்லாதபோது குரலாகப் பதிந்து வைப்பார். ஒருநாள் அவர் மறைகிறார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பிள்ளைகள் வெளியூர் திரும்புகின்றனர். இழுப்பறையில் கிடக்கும் கைபேசிக்கு அம்மையார் மட்டும் நாள் தவறாமல் மின்னேற்றி வைக்கிறார். அடுத்த மாதம் ரீசார்ஜ் முடிகிறது. “அப்பாவே இல்லை, அந்த நம்பர் எதுக்கும்மா?” என்கிறார் மகன். “இருக்கட்டும்ப்பா” என்கிறார் தாய். இருவர் சொல்லிலும் பொருள் உண்டு. ஆயினும் இருவரும் அறியாமல் காலக்கெடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மையாரின் அந்த ‘இருக்கட்டும்’ நகைப்புக்குரியதன்று. சப்பானில் ஓட்சுச்சி என்னும் கடலோர ஊரில் இடாரு சசாகி என்பவர், இறந்த தம் உறவினரோடு பேசுவதற்காக 2010ஆம் ஆண்டு தம் தோட்டத்தில் இணைப்பே இல்லாத தொலைபேசிக் கூண்டு ஒன்றை அமைத்தார். 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை அப்பகுதியைச் சூறையாடிய பின், சொந்தங்களை இழந்தோர் பலர் அங்கே வந்து ஒலிவாங்கியை எடுத்துக் காற்றோடு பேசிச் சென்றனர். இணைப்பு இல்லாத கூண்டுக்குக் கட்டணமில்லை, கெடுவும் இல்லை. வடக்குத்து அம்மையாரின் கையிலுள்ள எண்ணுக்கு இரண்டும் உண்டு.

எண் யாருடைய உடைமை? ‘என் நம்பர்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் வீடு, நிலம் போல அதுவும் சொத்து என்னும் மயக்கம் உண்டாகிறது. உண்மையில் எண்கள் அரசின் எண்ணிடல் திட்டத்தைச் சேர்ந்தவை. நிறுவனம் அவற்றைப் பெற்று, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் வழங்குகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் கொணர்ந்த விதியின்படி, பிரீபெய்டு எண் ஒன்று தொடர்ந்து 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்து, கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருப்பின், நிறுவனம் அதனைத் துண்டிக்கலாம். துண்டித்த பின் மீட்டுக்கொள்ள 15 நாள் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கழிந்தால், குறைந்தது 90 நாள் ஓய்வுக்குப் பின் அவ்வெண் முன்பின் அறியாத வேறொருவருக்குப் போய்விடும். உச்ச நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு இச்சிக்கல் எழுந்தபோது, பழைய எண்ணோடு பிணைந்த செய்திகளைக் காத்துக்கொள்வது பயனாளரின் பொறுப்பே என்னும் கருத்தே நிலைபெற்றது. பயனாளர் உயிரோடு இல்லாதபோது அப்பொறுப்பு வாரிசின் தலையில் விழுகிறது.

இனி எழுத்தின் நிலை என்ன? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கவிஞர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் அவர் கவிதைகளின் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. அச்சேறாத கவிதைக்கும் உரிமை உண்டு. கவிதைக்கு 60 ஆண்டு. அதனை எடுக்க உதவும் எண்ணுக்கு 90 நாள். இந்த முரண்பாட்டைப் பல குடும்பங்கள் அறிவதே இல்லை. மாதம் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி முதல் வேலையாக எண்ணை முடக்குகின்றனர். பின்னரே வங்கியும் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அதே எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புவதைக் காண்கின்றனர்.

ஆகவே முறை தலைகீழாக அமைதல் வேண்டும். எண்ணை முடிப்பது கடைசி வேலை. முதல் வேலை அதனை உயிரோடு வைத்தல். ஆணையம் 2024 திசம்பரில் பிறப்பித்த திருத்தத்தின்படி, இணைய வசதி இல்லாத, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். சிறப்புத் திட்டங்களின் காலவரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்பட்டது. ஓ.டி.பி. பெறுவதற்கு இத்தகைய திட்டமே போதும்.

அடுத்தது சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். தமிழகச் சிற்றூர்களில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்விதான். நடைமுறையில் பெரும்பாலும் ஒரு மருமகனோ அண்டை வீட்டு இளைஞரோ பார்க்கிறார். அவர் இறப்புச் சான்றிதழின் படிகளைப் பத்தாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள்.

இச்சான்றுகளுடன் நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் சென்றால், எண்ணை வாழ்க்கைத் துணைவர் பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ மாற்றித் தருவர். பெறுபவரின் அடையாளச் சான்றும், ஏனைய வாரிசுகளின் மறுப்பின்மைக் கடிதமும் தேவைப்படும். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றும் எண்ணம் இருந்தால் பெயர் மாற்றம் முடிந்த பின்னரே அது கைகூடும்; பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது அவ்வேண்டுகோளை ஏற்கமாட்டார்கள். புதிய சிம் அட்டை தந்தால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. அதுகண்டு பதறி ஊரெல்லாம் அலையத் தேவையில்லை. சேவை மையத்தார் கைவிரித்தால் புகார் எண் பெற்று, அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம். 2012ஆம் ஆண்டு விதி அதற்கு வழி செய்துள்ளது.

பெயரை மாற்றாமலேயே ஓட்டிவிடலாமே என்பர் சிலர். அரசின் கணக்கில் எண் யார் பெயரில் உள்ளதோ அவரே பொறுப்பாளி. இறந்தவர் பெயரில் எண் ஓடிக்கொண்டிருக்கையில் அதன்வழி ஒரு முறைகேடு நேர்ந்தால் விடை சொல்ல ஆளிராது. இறந்தவர் பெயரில் குடும்பம் அறியாத வேறு எண்களும் இருக்கலாம். 2023இல் அரசு தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில், கைக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு அதனைப் பார்த்துவிடலாம். எண் உயிரோடு இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

போஸ்ட்பெய்டு எனின் கதை சற்று வேறு. தெரிவிக்கும்வரை கட்டணச் சீட்டு மாதந்தோறும் பிறந்துகொண்டே இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியுமாறு ஏற்பாடு செய்திருந்தால் ஓசையின்றிக் கழிந்துகொண்டும் இருக்கும். பழைய பாக்கிக்காகப் பிள்ளைகளை அச்சுறுத்தும் அழைப்புகள் வந்தால் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து எந்த அளவுக்கு வாரிசின் கைக்கு வந்ததோ அந்த அளவுக்கே கடன் அவரைச் சாரும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் கருவியின் விலையையும் சேர்த்து இரண்டாண்டு ஒப்பந்தம் எழுதுவது பரவலான வழக்கம் என்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெருஞ்சுமை. இங்கே பெரும்பாலோர் பிரீபெய்டு வாடிக்கையாளர் என்பதால் தப்பினர். தவணையில் வாங்கிய கருவியின் பாக்கி மட்டும் தனி.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கைபேசி திறக்கிறது, கடவு எண்ணும் தெரியும் என்பதற்காக இறந்தவரின் கணக்கிலிருந்து ஈமச்செலவுக்குப் பணம் அனுப்புவோர் உளர். அவசரத்தில் செய்வது. ஆயினும் கணக்குடையவர் இறந்த பின் அவர்போல் நின்று பணம் எடுப்பது முறையன்று. வாரிசுகளிடையே பூசலுக்கும் அதுவே வித்து. வங்கிக்கு இறப்பைத் தெரிவித்து நியமனதாரர் வழியாகப் பெறுவதே நேர்வழி.

இப்போது கவிஞர்களுக்கு உரிய பகுதி. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில், புலவர் மறைந்த வீட்டுப் பரணில் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்ற விடையையும் அவர் கேட்க நேர்ந்தது. அவ்வீட்டார் தீயவர் அல்லர். ஏட்டில் என்ன இருக்கிறது என்பதை அறியாதவர். இன்றைய பரண் கைபேசி. அதனைக் கடைக்கு எடுத்துச் சென்று “லாக்கை எடுத்துக் கொடுங்க, பையன் வெச்சுக்கட்டும்” என்றால், கடைக்காரர் ரீசெட் செய்து புத்தம்புதிதாய்த் திருப்பித் தருவார். ஒரு தொகுப்புக்குரிய கவிதைகள் ஐந்து நிமிடத்தில் ஆற்றோடு போய்விடும். முதற்செய்தி, எனவே, பூட்டிய கருவியை யாரும் தொடக்கூடாது என்பது. சிம் அட்டைக்குத் தனிப்பூட்டு இருந்து மும்முறை தவறாக இட்டால் அது முடங்கும். அதை நீக்கும் பி.யு.கே. எண்ணை நிறுவனம் தரும். அதையும் பத்துமுறை தவறவிட்டால் அட்டை முற்றிலும் செத்துவிடும்.

வாட்ஸ்அப் செய்திகள் கருவியிலேயே தங்குபவை. கணக்கு 120 நாள் செயலற்றிருந்தால் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். கூகுள் இரண்டாண்டு செயலற்ற கணக்கை அழிக்கலாம் என 2023இல் அறிவித்துள்ளது. அதே கூகுளில், உயிரோடிருக்கும்போதே நம்பிக்கைக்குரிய பதின்மர் வரை பெயர் குறித்து, குறித்த மாதங்கள் கணக்கு உறங்கினால் அவர்களுக்குத் தன் கோப்புகள் செல்லுமாறு ஏற்பாடு செய்துவைக்கலாம். ஆப்பிள் கருவிகளில் 2021 முதல் மரபுரிமைத் தொடர்பாளரைக் குறிக்கும் வசதி உண்டு. கவிஞர் ஒருவர் இதனைச் செய்து முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதுவும் இயலாதெனில் திறவு எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுவது எளிது. ‘இப்போதே எதற்கு?’ எனத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. தொகுப்பு வெளியிடுவதையும் அப்படித்தானே பலர் தள்ளிப்போடுகின்றனர்!

எண்ணின் பெயர் மாறி, கோப்புகள் வேறிடம் சேர்ந்து, வங்கியிலும் ஓய்வூதியத்திலும் எரிவாயு இணைப்பிலும் அம்மையாரின் எண் பதிவான பின், பழைய எண்ணை விடுவதா வைத்திருப்பதா என்பது குடும்பத்தின் விருப்பம். ஆண்டுக்கொரு முறை ரீசார்ஜ் செய்து வைத்திருப்பதில் குற்றமேதுமில்லை.

விட்டுவிட முடிவு செய்தால் இலக்கிய வட்டத்துக்கும் ஒரு வேலை உண்டு. மறைந்தவரின் எண் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கும். மரியாதை கருதி யாரும் நீக்குவதில்லை. நினைவுநாளில் அதே எண்ணுக்கு அஞ்சலிக் கவிதை அனுப்புவோரும் உளர். எண் கைமாறியிருப்பின் அதைப் படிப்பவர் ஒரு புதியவர். ஆகவே குடும்பத்தாரிடம் கேட்டறிந்த பின் குழு நிருவாகி அவ்வெண்ணை நீக்கலாம். அதற்கு முன், மறைந்தவர் பத்தாண்டில் குழுவுக்கு அனுப்பிய கவிதைகளும் குரற்பதிவுகளும் உறுப்பினர் ஒவ்வொருவர் கைபேசியிலும் சிதறிக் கிடக்கின்றன. கருவி மாற்றியோர் சிலர் ஏற்கெனவே இழந்திருப்பர். எஞ்சியோர் தம்மிடமுள்ளவற்றை நாள் குறித்து ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு படியை வட்டத்திலும் ஒரு படியை அவ்வீட்டு அம்மையாரிடமும் கொடுத்துவிட வேண்டும். அவர் மின்னேற்றி வைத்திருக்கும் கருவி திறக்கவே திறக்காது போனாலும், கணவர் தம் கவிதையைத் தாமே படிக்கும் குரல் அந்தப் படியில் இருக்கும்.