முதல் எஸ்.எல்.ஆர்.: படம் இருக்கு, பேரு எங்க?

பழைய சி.சி.டி. கேமராவைத் தேடிப் பிடிச்சு வாங்குறதுதான் இப்போ ட்ரெண்ட். எனக்குத் தேட வேண்டிய வேலை இல்ல. 2009ல செகண்ட் ஹேண்டா வாங்கின நிக்கான் டி40 என்கிட்ட இன்னும் இருக்கு. என்னோட முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.

2006 கடைசியில வந்த மாடல். 6.1 மெகாபிக்சல், மூணே மூணு ஃபோகஸ் புள்ளி. வீடியோ கிடையாது. ஸ்க்ரீனைப் பார்த்து ஃப்ரேம் வைக்க முடியாது. வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சே ஆகணும். "இதை ஏன்டா இன்னும் வெச்சிருக்க?"ன்னு கேட்பாங்க. இதோட படம் 3008க்கு 2000 புள்ளி. இன்ச்சுக்கு 300 புள்ளின்னு போட்டாலும் பத்து இன்ச் அகலத்துக்குத் தெளிவா பிரின்ட் வரும். வீட்டுச் சுவருக்கு அது தாராளம்.

ஆனா எனக்கு இது பிடிச்சதுக்குக் காரணம் வேற. எஸ்.எல்.ஆர்.ல பட்டனை அமுக்கினதும் உள்ளே இருக்குற கண்ணாடி மேல தூக்கிக்கும். அந்த ஒரு நொடி வியூஃபைண்டர் இருட்டாயிடும். அதாவது, எந்தக் கணத்தைப் படம் பிடிக்கிறோமோ, அதை மட்டும் நாம பார்க்கிறதில்ல!

எங்க அப்பா ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தோட வடகரை. பங்குனியில அங்கே நந்தி கல்யாணம். மாப்பிள்ளை நந்தியோட திருவையாத்துல இருந்து ஐயாறப்பர் வருவார். பொண்ணு சுயசாம்பிகை. "நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்"னு சொல்லுவாங்க. அதனால கல்யாணமாகாத பசங்க கூட்டம் அள்ளும். 2010ல அந்தக் கூட்டத்துல எடுத்த படம் ஒண்ணு. எங்க அப்பாயி கையைக் கூப்பிட்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பை நான் நேர்ல பார்க்கல, கேமராதான் பார்த்துச்சு. அப்பாயி இப்போ இல்ல. ஆதார் கார்டை விட்டா அவங்க முகம் இருக்குறது இந்த ஒரு படத்துலதான்.

அப்போ இந்தப் படத்தை எப்படிக் காப்பாத்துறது? அதுக்கு அதே கோயில்லயே ஒரு பாடம் இருக்கு. ராஜராஜ சோழன் தன்னோட 28ஆம் ஆட்சியாண்டுல, அதாவது சுமார் 1013ல, அந்த வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரிச்சுப் புதுசா கட்டச் சொல்றார். கூடவே, பிரிக்கிறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்குற கல்வெட்டையெல்லாம் ஒரு புத்தகத்துல நகல் எடுக்கச் சொல்றார். ராஜேந்திர சோழனோட 14ஆம் ஆட்சியாண்டுல அவை புதுச் சுவர்ல திரும்ப வெட்டப்படுது. இந்தத் தகவலையும் அந்தக் கோயில் கல்வெட்டுதான் சொல்லுது. பழைய சுவர் போச்சு. எழுத்து நின்னுச்சு.

நம்ம மெமரி கார்டும் ஒரு பழைய சுவர்தான். கேமராவை ஆசையா அலமாரியில வெச்சுக்கலாம். படம் மட்டும் இடம் மாறிக்கிட்டே இருக்கணும். மூணு நகல், ரெண்டு வேற வேற சாதனம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. நிக்கானோட 'நெஃப்' மாதிரி ரா ஃபைல் இருந்தா, பக்கத்துல ஒரு ஜேபெக்கும் போட்டு வையுங்க.

இன்னொண்ணும் இருக்கு. யார் ஆட்சியில எத்தனையாவது வருஷம், யாரு, என்ன கொடுத்தாங்கன்னு கல்வெட்டு பேரோட சொல்லும். நம்ம ஃபைல் 'டி.எஸ்.சி.' போட்டு ஒரு நம்பரை மட்டும் சொல்லும். ஷட்டர் வேகம், தேதி எல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். சிரிக்கிறது யாருன்னு இருக்காது. அப்பாயி தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அம்மா யாருன்னு வீட்ல யாருக்கும் தெரியல. போன மாசம் அத்தைக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். உடனே போன் வந்துச்சு: "அடேய், அவங்க உங்க அப்பாயியோட நடவுக்குப் போனவங்கடா!" அத்தை பேரு சொன்னாங்க, தெரு சொன்னாங்க, அரை மணி நேரம் கதையும் சொன்னாங்க. எல்லாத்தையும் படத்தோட கேப்ஷன்ல எழுதி வெச்சிருக்கேன். அந்தப் பேரு தெரிஞ்ச கடைசி ஆள் எங்க அத்தைதான்.

இந்த வாரக் கடைசியில உங்க பழைய கார்டை எடுங்க. நகல் எடுங்க. அப்புறம் வீட்ல பெரியவங்க யாருக்காவது போன் போட்டு, "இது யாரு?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.