அலுமினியப் படகும் எபாக்சிப் பூச்சும்



1895-ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த பிரிஸ்டல் நகரத்தில், நதானியல் ஹெரெஷாஃப் என்னும் கீர்த்தி பெற்ற படகுச் சிற்பி ‘டிஃபெண்டர்’ என்ற பந்தயப் பாய்க்கப்பலைக் கட்டியபோது, பாரம் குறையவேண்டும் என்பதையே பிரதானமாகக் கொண்டு, நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியத் தகடும், கீழே வெண்கலத் தகடும், உள்ளே எஃகுச் சட்டங்களுமாக அதனை அமைத்தார். அவ்வருஷமே அது அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் வெற்றி கண்டது. ஆயினும், உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாறுபட்ட உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் பிறந்து, அவற்றுள் அலுமினியமே கரைந்துபோவது இயற்கையின் நியதியாதலால், அதன் உடல் வெகு சீக்கிரத்தில் அரித்துப்போக, 1901-இல் அதை உடைத்துவிட்டார்கள். அத்தனை அழகான கப்பல் ஆறே வருஷத்தில் அழிந்ததை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

இக்காலத்துப் படகுகளில் மக்னீசியம் சேர்ந்த, கடல்நீரைத் தாங்கவல்ல அலுமினியக் கலவைகளை உபயோகிக்கிறார்கள். காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஆக்ஸைடு என்னும் மெல்லிய படலம் தானே படிந்து இவற்றைக் காக்கிறது. ஓட்டிவிட்டுக் கரையேற்றி வைக்கும் படகுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். வருஷம் முழுவதும் நீரில் கிடக்கும் படகுக்கோ, கொட்டலசும் பாசியும் ஒட்டாதிருக்க வர்ணம் பூசியாக வேண்டும். அவ்வர்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் புகாத திரையாக நிற்பதே எபாக்சி. ஆனால் செம்பு ஆக்ஸைடு கலந்த வர்ணத்தை அத்திரையை நம்பியும் பூசலாகாது. ஒரு கீறல் விழுந்தாலும் போதும், அரிப்பு ஆரம்பமாகிவிடும்.

உலோகத்தைக் காக்கின்ற அந்த ஆக்ஸைடுப் படலமே பூச்சு பற்றிக்கொள்வதற்குப் பெரும் தடை. ஆகவே அதைத் தேய்த்து நீக்கவேண்டும்; ஆனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைத்த பிறகே உப்புத்தாளை எடுக்கவேண்டும். முறை மாறினால், தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு கீறல்களுக்குள் அழுந்திவிடும். தெளித்த நீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே பரப்பாக வழிந்தோடினால் தகடு சுத்தமாயிற்று என்று கொள்ளலாம். தகடு நன்றாக உலர்ந்தபின், எபாக்சியின் இரு பகுதிகளான ரெஸினையும் ஹார்ட்னரையும் அளவு பிசகாமல் கலந்து மெல்லியதாகத் தடவி, அது ஈரமாயிருக்கும்போதே அதன்மேல் வாட்டர் பேப்பரால் தேய்ப்பதுதான் அனுபவஸ்தர்கள் கையாளும் சூட்சுமம். தேன் நிறத் திரவம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாக மாறுவதைக் கண்ணாரக் காணலாம். பழைய படலம் உரிய உரிய, புதிதாக வெளிப்படும் உலோகத்தைக் காற்றுத் தீண்டுமுன் எபாக்சி தீண்டிவிடுகிறது. இவ்வேலையில் கையுறை அத்தியாவசியம். ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது எளிதில் நீங்குவதில்லை.

பனி படிகின்ற வேளையில் பூசலாகாது. கூரிய விளிம்புகளில் பூச்சு மெலிந்துவிடுமாதலால், அவ்விடங்களைத் தூரிகையால் தனியே ஒருமுறை பூசிக்கொள்ளவேண்டும். வெயிலில் எபாக்சி நாளடைவில் பொடிந்துபோகும். ஆகையால் நீர்மட்டத்துக்கு மேலே பாலியூரிதேன் வர்ணம் அடிப்பது வழக்கம்.

படகைக் கரையேற்றும்போதெல்லாம் வெல்டிங் ஓரங்களையும் ரிவெட் தலைகளையும் சிரத்தையோடு பார்க்கவேண்டும். கொப்புளமோ வெள்ளைப் பொடியோ தென்பட்டால், பூச்சு உறுதியாக இருக்கும் இடம் வரையில் சுரண்டியெடுத்து, பிசுக்கு நீக்குவதிலிருந்து யாவற்றையும் மறுபடி செய்யவேண்டும். மேலோடு ஒரு கை வர்ணம் அடித்து மறைத்தால், உள்ளே தங்கிய உப்புநீர் தகட்டைத் துளைத்துக்கொண்டே போகும்.