கடைத்தெருவில் கேட்ட தமிழ்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நகரமும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். நகரம் என்பது என் கைக்கு அடங்காத சொல். அதனைக் கடைத்தெரு அளவிற்குச் சுருக்கிக்கொள்ள இசைவு கேட்டேன், கொடுத்தார். ஆகவே கடைக்குப் போன கதையைச் சொல்லப் போகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு பத்துப்பாட்டில் வணிகம் பற்றியது. மதுரைக்காஞ்சியின் நாளங்காடி, அல்லங்காடி பற்றி ஓர் இயல் முழுதும் எழுதினேன். இரவு முதிர்ந்தபின் அடை விற்கும் கூவியர் உறங்கிப்போவதைக்கூட மாங்குடி மருதனார் விட்டுவிடாமல் காட்டியிருப்பதை வியந்து பக்கம் பக்கமாக எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒன்று கேட்டார்: "அம்மா, உங்கள் விருதுநகரில் அல்லங்காடி எது? அங்கே கடைசியாகக் கண்ணயர்கிறவர் யார்?" நான் விழித்தேன். அவையில் சிலர் சிரித்தார்கள். பட்டம் கிடைத்தது, விடை அன்று கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் இந்த ஊர்க்காரி. விருதுபட்டி என்னும் பெயர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று என்பதையும், 1985-இல் இது மாவட்டத் தலைநகரானது என்பதையும் வகுப்பில் ஒப்பிக்கத் தெரிந்தவள். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. விளைவிப்பதைவிட வாங்கி விற்பதில்தான் இவ்வூர் பெயர் பெற்றது. வத்தல், மல்லி, உளுந்து, துவரை, நல்லெண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் விலை நாளிதழ்களின் வணிகப் பகுதியில் வரும். என் தந்தையார் தலைப்புச் செய்தியைப் படிக்குமுன் அதைத்தான் படிப்பார். வணிகர்கள் சரக்கின் மீது மகமை என்று ஒரு சிறு பகுதியை ஒதுக்கி ஊர்ப் பொதுக் காரியத்திற்குக் கொடுத்தார்கள். 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு கடைத்தெரு வளர்த்த பள்ளி. அங்கே பயின்ற காமராசர், படிப்பை நிறுத்தியபின் போய் அமர்ந்த இடமும் மாமனின் ஜவுளிக்கடையே ஆகும். பள்ளியைக் கடை வளர்த்தது. பள்ளி விட்ட பிள்ளையையும் கடையே ஏற்றுக்கொண்டது. இதைப் பற்றி நம்மில் ஒருவரும் கவிதை எழுதவில்லை என்பது என் நெடுநாள் குறை.

நிற்க. புறத்தேர்வாளரின் கேள்வி பல ஆண்டுகள் உள்ளே கிடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மாணவியர் மூவருடன் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதிக்குள் புகுந்தேன். வாங்குவதற்கன்று, கேட்பதற்கு.

முதலில் புரோட்டாக் கடை. எண்ணெயில் மூழ்கப் பொரித்தெடுக்கும் புரோட்டாவிற்காக வெளியூரார் தேடி வரும் ஊர் இது. பர்மா என்னும் பெயரையே தாங்கிய கடை ஒன்றும் இங்கே புகழோடு விளங்குகிறது. ஆனால் எங்கள் வீட்டில் புரோட்டா என்பது இரவு ஒன்பது மணிக்குப் பொட்டலமாக வந்து சேரும் பொருள். ஆடவர் போவார்கள், இலையில் கட்டி வாங்கி வருவார்கள், நாங்கள் ஆறியதைத் தின்போம். நாங்கள் நால்வரும் ஒரு சிறிய கடையின் வாசலில் நின்றதும் உள்ளிருந்து குரல் வந்தது: "பார்சலாம்மா?" இல்லை, இங்கேயே சாப்பிடுகிறோம் என்றேன். உட்கார்ந்தோம். தண்ணீர் வைக்க வந்தவர், "பார்சல்தானேம்மா?" என்றார். கல்லாவில் இருந்த அண்ணாச்சியும் எட்டிப் பார்த்து அதையே கேட்டார். மூவர் குரலிலும் ஏளனமில்லை, பழக்கம் இருந்தது. அந்த ஒரு சொல்லில் ஒரு பெண் ஊரில் எங்கே உட்காரலாம், எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் அடங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. பிறகு, "பிச்சுப் போடவா, முழுசா வைக்கவா?" என்று கேட்டார்கள். சால்னா ஊற்றிச் சூடாகத் தின்றேன். பொரித்த புரோட்டாவின் ஓரம் நொறுங்கும் என்பது நாற்பது வயதில் எனக்குத் தெரிந்தது. பொட்டலத்திற்குள் அது எப்போதும் நமத்துத்தான் போயிருந்தது.

அடுத்த வாரம் மண்டிக்குப் போனோம். வத்தல் மூட்டைகளின் நெடியில் தும்மித் தும்மிக் குறிப்பெடுத்தோம். முண்டு வத்தல், சம்பா வத்தல் என்று எடுத்துக் காட்டிய பெரியவர், உளுந்தில் 'நயம்' எது என்று உள்ளங்கையில் பரப்பி விளக்கினார். கவிதை நயம், அணி நயம் என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய எனக்கு, நயம் என்பது விரலால் தடவி, பல்லால் கடித்து, காற்றில் ஊதிப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று அப்போதுதான் விளங்கிற்று. ஊதினால் பறப்பது பொக்கு. அவர் தானியத்தை அளந்து போடும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்லவில்லை. 'லாபம்' என்று சொல்லி, பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணினார். எண்ணுப்பெயரின் இடத்தில் ஒரு வாழ்த்து! போணி, கொசுறு, பற்று, பேரேடு, ஐந்தொகை என்று என் மாணவியின் நோட்டு நிறைந்தது. பொருளைக் கூடையில் நாமே போட்டு, இயந்திரம் கோடுகளைப் படித்து விலை சொல்லும் கடைகளில் இச்சொற்களில் ஒன்றையும் யாரும் உச்சரிக்க வேண்டியதில்லை. அக்கடைகளை நான் வெறுக்கவில்லை. வெயிலில் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து ஒரு சொல்லும் நான் கொண்டு வந்ததில்லை.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, சாத்தூர்ச் சேவு ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தலைவர் மணியடித்துவிடுவார். சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் உள்ள தேநீர்க் கடை ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வட்டம் இரங்கற் கவியரங்கம் நடத்தியது, உங்களுக்கு நினைவிருக்கும். கருகிய மொட்டு, கந்தகக் கண்ணீர், அணைந்த மத்தாப்பு என்றெல்லாம் பாடினோம். பாடியவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் கலைந்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அவள் தாயார் பட்டாசு வேலைக்குப் போகிறவர். "அம்மா, எல்லாரும் பட்டாசுத் தொழிலாளின்னுதான் சொன்னீங்க. அவங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள். குறை கூறும் குரலில்லை. ஐயம் கேட்கும் குரல். அதுவே என்னைச் சுட்டது.

அவள்தான் அத்தேநீர்க் கடைக்கு என்னை அழைத்துப் போனாள். மாலையில் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி படிந்து சாம்பல் நிறம். கடைக்காரர் தேநீருக்கு முன் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும் வைத்தார். கழுவிவிட்டு, பெஞ்சில் உட்காராமல் சற்று ஒதுங்கி நின்றே குடித்தார்கள். வயதில் மூத்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "உள்ள இருக்கிற வரைக்கும் நெருப்பையே பாக்கக் கூடாது தாயி. இங்க வந்துதான் அடுப்பப் பாக்கோம்." வேதிப்பொருள் என்று நாம் எழுதுவதை அவர்கள் மருந்து என்கிறார்கள். உயிர் காப்பதும் மருந்து, கொல்வதும் மருந்து என்று முரண் பாடக் கை துடிக்கும்; கவிஞர்களே, அவசரப்படாதீர்கள். அவர்களுக்கு அதில் முரணில்லை. எத்தனை கழுவினாலும் இரவுச் சோற்றில் அடிக்கும் வாடை அது. குழாய் உருட்டுதல், திரி வெட்டுதல், மருந்து அடைத்தல், சரம் பின்னுதல் என ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயர் இருந்தது. 2018-இல் சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு தாம் பின்னுவதில்லை என்ற ஒருவர், வெறுங்கையால் அப்பின்னலைக் காற்றில் போட்டுக் காட்டினார். என் மாணவியின் தாயார் மருந்து அடைப்பவர். அவர் பெயரை இங்கே நான் சொல்லவில்லை; வேலையைச் சொல்லிவிட்டேன்.

அன்று நான் பாடிய கவிதை இம்மலரில் இடம்பெற வேண்டுமென்று செயலாளர் கேட்டிருந்தார். அதனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மாற்றாக எதையும் எழுதித் தரவில்லை. நோட்டில் இன்னும் பக்கங்கள் மீதமிருக்கின்றன.

புறத்தேர்வாளருக்கு விடை இது: புரோட்டாக் கடையில் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவு ஒன்றரை மணிக்கு அதே பலகையில் படுப்பவர், மறுநாளுக்கு மாவு பிசைபவர்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்துப் படியில் கூடுகிறோம். வட்டத்து உறுப்பினர்கள், குறிப்பாக மகளிர், வரலாம். ஒரு நோட்டு கொண்டு வாருங்கள். உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், பார்சல் இல்லை.